சாண்டோரினியில் அரை நாள் தனிச் சுற்றுலா: வண்டி பேசுவது முதல் திரும்பி இறங்குவது வரை

கிரேக்கத் தீவான சாண்டோரினியில் ஐந்து மணி நேரத்துக்கு வண்டியும் டிரைவரும் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எட்டு இடம் கேட்கிறார்கள். டிரைவரும் சரி என்பார். எட்டையும் பார்த்துவிடலாம்தான். இறங்கு, படம் எடு, ஏறு என்று ஓடியதில் கடைசியில் நினைவில் நிற்பது வண்டியின் ஏசி மட்டுமே. மூன்று அல்லது நாலு இடம் போதும். எந்த நாலு, எந்த வரிசையில், எத்தனை மணிக்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இந்த வழிகாட்டி அதைத்தான் பேசுகிறது.

முதலில் தீவின் உருவத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

சாண்டோரினி ஒரு பிறை. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்துச் சரிந்ததில் இன்றைய உருவம் வந்தது. பிறையின் உட்பக்கம், அதாவது மேற்கு, கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை, கீழே கடல். அந்தக் கடல் நிரம்பிய எரிமலை வாயைத்தான் கால்டெரா என்கிறார்கள். வெள்ளை வீடு, நீலக் குவிமாடம் என்று நீங்கள் பார்த்த படங்களில் பெரும்பாலானவை இந்த விளிம்பில் எடுத்தவை. கிழக்குப் பக்கம் நிலம் சாவகாசமாகச் சரிந்து கமாரி, பெரிசா கடற்கரைகளின் கறுப்பு மணலில் முடிகிறது.

வடக்குக் கோடியில் இயா. நடுவில் தலைநகர் ஃபிரா. தெற்குக் கோடியில் அக்ரோதிரி; எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ஊரின் அகழாய்வுத் தளம் அங்கேதான். ஃபிராவிலிருந்து இயாவுக்கு 11 கி.மீ., அக்ரோதிரிக்கு ஏறத்தாழ 12 கி.மீ. வரைபடத்தில் பார்த்தால் கைக்கெட்டும் தூரம். ஆனால் சாலை குறுகல், வளைவு அதிகம். கோடையில் பேருந்துகளும் நாலு சக்கர பைக்குகளும் வாடகைக் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். இயாவிலிருந்து அக்ரோதிரிக்கு நெரிசல் இல்லாத வேளையிலேயே 45 நிமிடம் ஆகும். தீவை வட்டமடிக்க முடியாது. வடக்கு தெற்காக ஒரு கோடு போல ஓடத்தான் முடியும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை நோக்கி ஒரே வீச்சில் போகும்படி திட்டம் போட்டால் ஒரு மணி நேரம் மிச்சம். 'முதலில் ஃபிரா, பிறகு இயா, பிறகு அக்ரோதிரி, மறுபடி ஃபிரா' என்று போட்டால் அந்த ஒரு மணி நேரம் சாலையில் போய்விடும்.

இயாவின் பெயரை எழுத்துக் கூட்டி 'ஓயா' என்று படிக்கிறவர்கள் உண்டு. ஆகஸ்ட் கூட்டத்தைப் பார்த்தால் அதுவும் பொருத்தமான பெயர்தான்.

காசு எதற்கு: டிரைவரா, கைடா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டிவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்கள் நிறைய. 'தனிச் சுற்றுலா' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி டிரைவரோடு கூடிய வண்டி மட்டுமே. டிரைவர் ஆங்கிலம் பேசுவார், வழியில் கதை சொல்வார், நல்ல இடத்தில் நிறுத்துவார். ஆனால் தொல்லியல் தளத்துக்குள் கூட வந்து விளக்க அவருக்கு அனுமதி இல்லை. கிரேக்கச் சட்டப்படி அந்த வேலை உரிமம் பெற்ற கைடுகளுக்கு மட்டும்தான். அக்ரோதிரி வாசலில் உங்களை இறக்கிவிட்டு அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பது சோம்பலால் அல்ல.

அக்ரோதிரியில் சுவரையும் பானையையும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை இருந்தால் உரிமம் பெற்ற கைடைத் தனியாகப் பேசுங்கள். பெரிய தொகை கூடும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து போனால் அந்தச் செலவு நியாயமாகிவிடும். இரண்டு பேர் என்றால், முந்தின நாள் இரவு அக்ரோதிரியைப் பற்றி அரை மணி நேரம் படித்துவிட்டுப் போனாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

வண்டிக் கட்டணம் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. நாலு பேர் உட்காரும் கார், எட்டுப் பேர் உட்காரும் வேன் என்று இரண்டு வகைதான் பெரும்பாலும் கிடைக்கும். நாலைந்து மணி நேரத்துக்கு 250 முதல் 450 யூரோ வரை கேட்பார்கள்; ஜூலை, ஆகஸ்டில் மேல் முனை. இரண்டு பேர் மட்டும் போகிறீர்கள், காசு முக்கியம் என்றால் அரசு உரிமப் பேருந்து மலிவு. ஆனால் எல்லாப் பேருந்தும் ஃபிரா நிலையம் வழியாகத்தான் போகும். இயாவும் அக்ரோதிரியும் ஒரே அரை நாளில் பேருந்தில் என்றால் பாதி நேரம் நிலையத்தில் நிற்பீர்கள். சாலையில் கைகாட்டி டாக்சி பிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம்; தீவில் இருப்பதே சில பத்து டாக்சிகள்.

முன்பதிவு: என்ன எழுதிக் கேட்பது

மே முதல் அக்டோபர் வரை போகிறீர்கள் என்றால் ஒரு மாதம் முன்பே பேசிவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் முடித்துக்கொள்ளலாம். பேச்சோடு விடாமல் எழுத்தில் வாங்குங்கள். நேரக் கணக்கு எங்கே தொடங்குகிறது: ஹோட்டலிலா, சந்திக்கும் இடத்திலா? வரி சேர்த்த விலையா? கூடுதல் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? நுழைவுச் சீட்டும் ஒயின் சுவைக் கட்டணமும் உள்ளடக்கமா? (பெரும்பாலும் இருக்காது.) குழந்தை இருந்தால் வயதும் உயரமும் சொல்லி இருக்கை கேளுங்கள், வந்து நின்றபின் கேட்டால் கிடைக்காது.

ரத்து விதியில் ஒரு வரி தனியாக இருக்க வேண்டும்: கப்பல் வராவிட்டால் என்ன? ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்ற வடகாற்று நாட்கணக்கில் வீசும். காற்று பொஃபோர்ட் அளவில் 8-ஐ எட்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் வர ஏறத்தாழ எட்டு மணி நேரம், வேகக் கப்பலில் ஐந்து. அப்படி வந்து இறங்கும் நாளிலேயே சுற்றுலாவையும் வைக்காதீர்கள். ஒரு இரவு தங்கி மறுநாள் காலை வைத்தால் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அடுத்து, ஏறும் இடம். இயா, இமெரோவிக்லி, ஃபிரோஸ்தெஃபானி ஆகிய ஊர்களில் பாறையைக் குடைந்த குகை ஹோட்டல்களுக்கு வண்டி போகாது. அறையிலிருந்து சாலைக்கு நூறு படி ஏற வேண்டியிருக்கலாம். 'காலை 7.30-க்கு ஹோட்டலில்' என்று எழுதியிருந்தால் அதன் பொருள், அருகிலுள்ள தேவாலயமோ வண்டி நிறுத்துமிடமோ பேருந்து நிறுத்தமோதான். எந்த இடம் என்று வரைபடத்தில் குறி போட்டு வாங்கி, முந்தின நாள் மாலை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். காலை நேரம் வீணாவதற்கு முதல் காரணம் இந்தப் படிகள்தான்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்டுக்கு குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. விசா கைக்கு வரும்முன் திரும்பப் பெற முடியாத முன்பணம் எதையும் கட்டாதீர்கள்.

காலைத் தடம்: 7.30 முதல் 12.30 வரை

தீவில் இரவு தங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. உல்லாசக் கப்பல் கூட்டம் இயாவை எட்டக் காலை ஒன்பதரை, பத்து மணி ஆகும். அதற்குள் நீங்கள் பார்த்து முடித்துத் தெற்கே கிளம்பிவிட வேண்டும்.

ஃபிராவில் 7.30-க்கு ஏறினால் 7.55-க்கு இயா. ஊருக்குள் வண்டி நுழையாது. பேருந்து நிற்கும் திடலில் இறக்கிவிடுவார். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் பளிங்குக்கல் பாவிய முக்கிய வீதி. நடக்க அழகு, மழைத்துளி பட்டால் வழுக்கல். தோல் அடிச் செருப்பு வேண்டாம். ரப்பர் அடி போதும். பனாயியா பிளட்சானி தேவாலயச் சதுக்கத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சலட்டைகளில் வரும் நீலக் குவிமாடங்கள் இதே வீதியிலிருந்து கால்டெரா பக்கம் இறங்கும் சந்துகளிலிருந்து தெரியும். காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து குவிமாடத்தில் விழும். கடல் நீலமாகத் தெரியும். அதே இடத்தை மாலையில் எடுத்தால் சூரியன் நேர் எதிரே நின்று படத்தை வெளுத்துவிடும்.

ஊரின் மேற்கு முனையில் இடிந்த கோட்டை இருக்கிறது. அங்கிருந்து காற்றாலையோடு ஊரைத் திரும்பிப் பார்க்கும் காட்சிக்கு மட்டும் மாலை வெளிச்சம் தேவை. காலையில் அதற்காக நேரம் செலவிட வேண்டாம். கீழே தெரியும் அமூடி துறைக்கு முந்நூறுக்கு நெருக்கமான படிகள். இறங்குவது சுகம், ஏறுவது தண்டனை. போகத்தான் வேண்டும் என்றால் டிரைவரைக் கீழே சாலை வழியாக வரச் சொல்லுங்கள். இயாவுக்கான நேரத்தில் அரை மணி அதற்குப் போய்விடும். பல சந்துகள் தனியார் ஹோட்டல் முற்றங்கள். சங்கிலி கட்டியிருந்தால் தாண்டாதீர்கள். மொட்டைமாடியிலும் குவிமாடத்திலும் ஏறி நிற்பவர்களை உள்ளூர்க்காரர்கள் சத்தம் போட்டே இறக்குவார்கள், அதில் தப்பும் இல்லை.

9.10-க்கு வண்டியில் உட்கார்ந்தாக வேண்டும். இந்த ஒரு நேரத்தில் கறாராக இருங்கள். பதினைந்து நிமிடம் தாமதித்தால், எதிரே பேருந்து வரிசை வரத் தொடங்கி அக்ரோதிரிக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேருவீர்கள். ஃபிரா நெரிசலாக இருந்தால் கிழக்குக் கரையோரக் கீழ்ச் சாலையைப் பிடிப்பது டிரைவரின் வேலை. அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அக்ரோதிரி 9.55 முதல் 11.05 வரை. இந்த அரை நாளில் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வெண்கலக் கால ஊர் ஒன்று எரிமலைச் சாம்பலுக்கடியில் அப்படியே கிடந்தது. 1967-ல் ஸ்பிரிடான் மரினாட்டோஸ் அகழாய்வைத் தொடங்கினார். 1974-ல் அந்தத் தளத்திலேயே இறந்தார். முழு ஊருக்கும் மேல் ஒரே பெரிய கூரை. வெயில் பிரச்சினை இல்லை, மழை பிரச்சினை இல்லை. சரிவுப்பாதை இருப்பதால் சக்கர நாற்காலியும் போகும். (2005-ல் அப்போது புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த கூரையின் ஒரு பகுதி விழுந்து பயணி ஒருவர் இறந்தார், தளம் 2012-ல்தான் மீண்டும் திறந்தது. இப்போது நிற்பது சரிசெய்த கூரை.)

உள்ளே உயர்த்திக் கட்டிய நடைபாதை வழியாகச் சுற்றி, பிறகு தெருமட்டத்துக்கு இறங்குவீர்கள். அவசரத்தில் எல்லாம் ஒரே மண் சுவராகத் தெரியும். மூன்றே மூன்று பொருளைத் தேடுங்கள். ஒன்று, மேற்கு வீடு என்ற கட்டடமும் அதன் முன்னாலுள்ள முக்கோணச் சதுக்கமும். அந்த வீட்டு மாடியில் கழிப்பறை இருந்தது. கழிவுநீர் சுவருக்குள் செருகிய களிமண் குழாய் வழியாகத் தெருவுக்கடியிலுள்ள சாக்கடைக்கு இறங்கியது. மூவாயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முந்தைய ஏற்பாடு இது. இரண்டு, கட்டில்கள். மரம் மக்கிப் போய்ச் சாம்பலுக்குள் வெற்றிடம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்குள் சாந்தை ஊற்றி இறுக வைத்து எடுத்தபோது கட்டிலின் உருவம் அப்படியே வந்தது. மூன்று, வாசலோரம் வரிசையாக நிற்கும் ஆளுயரச் சேமிப்புச் சாடிகள். மனித எலும்புக்கூடுகள் ஊருக்குள் கிடைக்கவில்லை. வெடிப்புக்கு முன் நிலநடுக்கம் எச்சரித்ததால் மக்கள் வெளியேறிவிட்டார்கள் என்பதே பொதுவான முடிவு.

முதல்முறை வருகிறவர்களின் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு: புகழ்பெற்ற சுவரோவியங்கள் இங்கே இல்லை. சில ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில், சில ஃபிராவிலுள்ள வரலாற்றுக்கு முந்தைய தேரா அருங்காட்சியகத்தில். ஃபிராவில் இருப்பவற்றுள் நீலக் குரங்கு ஓவியம் நமக்குத் தனிச் சுவை. வாலைத் தூக்கி வளைத்திருக்கும் விதத்தை வைத்து அவை நம் துணைக்கண்டத்துச் சாம்பல் மந்திகள் என்று சில ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். 1999-ல் அக்ரோதிரியில் கிடைத்த தங்க ஆட்டுச் சிலையும் அங்கேதான். சுற்றுலா முடிந்தபின் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை பொதுவாக விடுமுறை.

நுழைவுச் சீட்டு: 2025 ஏப்ரலில் கிரேக்க அரசு தொல்லியல் தளக் கட்டணங்களை ஏற்றிவிட்டது. பழைய பதிவுகளில் 12 யூரோ என்று படித்திருந்தால் மறந்துவிடுங்கள்; 20 யூரோ அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அரசின் இணையதளத்தில் முன்னதாக வாங்கினால் வாசல் வரிசை மிச்சம். திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். குளிர்காலத்தில் பிற்பகல் மூன்றரைக்கே மூடிவிடுவார்கள். சீட்டு வாங்கும்போதே நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறை வாசலருகே இருக்கிறது. உள்ளே போகுமுன் பயன்படுத்துங்கள்.

அங்கிருந்து சில நிமிடத்தில் சிவப்புக் கடற்கரை. பாறை சரியும் இடம் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள்; கீழே மணலுக்கு இறங்க வேண்டாம். வண்டி நிறுத்துமிடம் தாண்டி, மேட்டிலிருந்தே செம்பாறையும் கறுப்பு மணலும் பச்சைக் கடலும் ஒரே சட்டத்தில் கிடைக்கும். 15 நிமிடம் போதும். 2025 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் சாண்டோரினிக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் இடையே ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்கள் தொடராக வந்து, தீவை விட்டுப் பதினோராயிரம் பேருக்கு மேல் தற்காலிகமாக வெளியேறினார்கள். பிறகு அடங்கிவிட்டது. ஆனாலும் தளர்ந்த பாறை தளர்ந்த பாறைதான்.

11.40 முதல் 12.10 வரை மெகாலோஹோரி என்ற கிராமம். வீதியின் குறுக்கே வளைவாக நின்று மணிகள் தொங்கும் கோபுரம், நிழல் மரச் சதுக்கம், கூட்டமில்லாத சந்துகள். இயாவில் இல்லாத அமைதி இங்கே கிடைக்கும். 12.25-க்கு ஃபிரா.

இதில் குன்றின்மேல் ஊரான பிர்கோஸ் இல்லை, ஒயின் இல்லை, கறுப்பு மணல் இல்லை. வேண்டும் என்றால் ஒன்றைச் சேர்க்க ஒன்றை எடுங்கள். தொல்லியலில் ஆர்வமில்லாத குடும்பம் அக்ரோதிரியை எடுத்துவிட்டால் பிர்கோஸுக்கும் பெரிசா கடற்கரைக்கும் இடம் வந்துவிடும். எல்லாவற்றையும் பத்துப் பத்து நிமிடம் சுருக்குவதுதான் கூடாது.

மாலைத் தடம்: சூரியனிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மாலையில் மறையும் நேரம்தான் கணக்கின் அடிப்படை. ஜூன் இறுதியில் சூரியன் இரவு 8.40-ஐ ஒட்டி மறையும். செப்டம்பர் நடுவில் 7.20, அக்டோபர் நடுவில் 6.40. அதிலிருந்து ஐந்து மணி நேரம் பின்னே போய் ஏறுங்கள். ஜூனில் 3.45-க்கு ஏறினால் 4.10-க்கு அக்ரோதிரி, 5.50-க்கு ஒரு ஒயின் தோட்டம், 7 மணிக்கு பிர்கோஸ், 7.50-க்கு புரோஃபிடிஸ் இலியாஸ் மலையுச்சி.

ஒயின் குடிக்காதவர்களும் தோட்டத்தை ஒருமுறை பார்க்கலாம். பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. கொடியை ஆண்டுதோறும் சுற்றிச் சுற்றிக் கூடை முடைவது போலத் தரையிலேயே வளைத்து வைத்திருப்பார்கள், பெயர் கூலூரா. குலைகள் கூடைக்குள் தொங்கும். காற்று வாரி இறைக்கும் மணல் வெளிப்பக்கக் கொடியில் அடிக்கும், பழத்தில் அடிக்காது. கோடையில் மழையே கிடையாது. கடல் மூடுபனியின் ஈரத்தை நுரைக்கல் மண் பிடித்து வைத்துக் கொடுக்கிறது. முக்கியத் திராட்சை அசிர்திகோ. வின்சாந்தோ என்ற இனிப்பு ஒயின், பழத்தை வெயிலில் காயவைத்துச் செய்வது. சுவைக்க உட்கார்ந்தால் குறைந்தது ஒரு மணி நேரம். இடம் முன்பதிவு செய்யாவிட்டால் சீசனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிர்கோஸ் குன்றின்மேல் சுற்றிச்சுற்றி ஏறும் கோட்டை ஊர். ஒரு காலத்தில் தீவின் தலைநகர். மேலே ஏற 15 நிமிடம், எல்லாம் படி. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் கீழ்ச் சதுக்கத்தில் காபியோடு உட்காரலாம்.

சூரிய அஸ்தமனத்துக்கு எல்லாரும் இயா கோட்டைக்குத்தான் போகிறார்கள். அங்கே நல்ல இடம் கிடைக்க ஒன்றரை மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டும். மறைந்தபின் கூட்டம் முழுதும் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் இறங்கும். உங்கள் வண்டியும் அதில் சிக்கும், கூடுதல் மணி நேரக் கட்டணமும் ஓடத் தொடங்கும். மணிக்கணக்கில் காசு கொடுத்து அமர்த்திய டிரைவரை வைத்துக்கொண்டு இதைச் செய்வது வீண். அதற்குப் பதில் புரோஃபிடிஸ் இலியாஸ் மலை: 567 மீட்டர், தீவின் உச்சி, 18-ஆம் நூற்றாண்டு மடம் ஒன்றும் அங்கே இருக்கிறது. உச்சி வரை வண்டி போகும். முழுப் பிறையும் உங்கள் காலடியில் கிடக்கும். காற்று மட்டும் ஆகஸ்டிலும் குளிரும், மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அக்ரோதிரி முனையிலுள்ள 1892-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கமும் நல்ல இடம்தான். ஆனால் பாறை ஓரத்தில் தடுப்பு கிடையாது, ஓடும் வயதுக் குழந்தைகளோடு போக வேண்டாம். இயா அஸ்தமனம் பார்த்தே தீருவேன் என்றால் சுற்றுலாவை அங்கேயே முடித்து வண்டியை அனுப்பிவிடுங்கள். சாப்பிட்டு, கூட்டம் வடிந்தபின் திரும்ப வேறு வண்டி முன்பே சொல்லி வையுங்கள்.

உல்லாசக் கப்பலில் வருகிறவர்களுக்கு

உங்கள் கணக்கே வேறு. கப்பல் கால்டெராவில் நிற்கும். சிறு படகில் ஃபிராவுக்குக் கீழேயுள்ள பழைய துறைக்கு வருவீர்கள். அங்கிருந்து ஊர் உச்சிக்கு மூன்று வழி: கேபிள் கார், சற்றேறக்குறைய 590 படிகள், அல்லது கழுதை. கேபிள் கார் மூன்றே நிமிடப் பயணம், வரிசைதான் நீளம். படியில் கழுதைகளும் அவற்றின் சாணமும் இருக்கும். வெயிலில் ஏறுவது வயதானவர்களுக்கு ஆகாது. கழுதைகள் படும் பாட்டைப் பற்றிய புகார்களுக்குப் பிறகு 2018-ல் கிரேக்க அரசு அவற்றின் சுமைக்கு உச்சவரம்பு வைத்தது: 100 கிலோ, அல்லது விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் ஏறாமலிருப்பதே நல்லது.

கப்பல் நிறுவனத்தின் சொந்தச் சுற்றுலா வாங்கியவர்களை முதலில் இறக்குவார்கள். தனியாகப் பேசியவர்கள் அவர்களுக்குப் பின்தான். அதனால் டிரைவரிடம் 'கப்பல் வரும் நேரம்' சொல்லாதீர்கள். அதிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் தள்ளிச் சொல்லுங்கள். சந்திக்கும் இடம் 'கேபிள் கார் மேல் நிலையத்தின் வெளிவாசல்' என்று எழுத்தில் இருக்க வேண்டும். கீழ்த் துறைக்குச் சாலை கிடையாது. பிரேயஸிலிருந்து வரும் பயணிக் கப்பல்கள் நிற்கும் அதினியோஸ் துறைமுகம் பத்து கி.மீ. தள்ளி இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு டிரைவர் ஒரு துறையிலும் பயணி மறு துறையிலும் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

திரும்பும் கணக்கு: கடைசிப் படகு நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழியுங்கள். கடைசிப் படகு 4.30 என்றால் 2.30-க்குக் கேபிள் கார் வாசலில் இறங்கிவிட வேண்டும். ஒரே நாளில் பல கப்பல்கள் நிற்கும்போது கீழே இறங்கும் வரிசை மட்டும் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். 2025 முதல் கப்பல் பயணிகளை நாளுக்கு 8,000 என்று கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். அதுவே சின்ன ஊருக்குப் பெரிய எண்ணிக்கை. அதே ஆண்டு ஜூலையிலிருந்து கோடை உச்சத்தில் ஆளுக்கு 20 யூரோ கட்டணமும் உண்டு. வழக்கமாகக் கப்பல் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள்.

பிற்பகலிலேயே கிளம்பும் கப்பல் என்றால் முதலில் நேரே இயா, கூட்டத்தைச் சகித்துக்கொண்டு ஒரு மணி நேரம், பிறகு பிர்கோஸ் அல்லது மெகாலோஹோரி, முடிவில் ஃபிரா. நெரிசல் ஆபத்து உள்ள இயா சாலையைக் கடைசியில் வைக்கவே கூடாது. அக்ரோதிரியை விட்டுவிடுங்கள். இரவு வரை நிற்கும் கப்பல் என்றால் நேர்மாறாக: தெற்கே தொடங்கி, பேருந்துகள் திரும்பியபின், நாலு மணிக்கு மேல் இயா.

சாப்பாடு

அரை நாளில் உட்கார்ந்து சாப்பிட ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு இடம் போய்விடும். காலைத் தடத்தில் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, மதிய உணவைச் சுற்றுலா முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் இந்தத் தீவில் கஷ்டப்பட மாட்டார்கள். 'ஃபாவா' கேளுங்கள்: உள்ளூர் மஞ்சள் பருப்பை மசிய வேகவைத்துக் கடைந்து, மேலே ஆலிவ் எண்ணெய், பச்சை வெங்காயம், சில சமயம் கேப்பர் மொட்டு. நம் பருப்புக் கடையலின் தூரத்துச் சொந்தம், தாளிப்புதான் இல்லை. ஊரின் சின்னத் தக்காளியை மாவில் பிசைந்து பொரிக்கும் 'தொமாட்டோகெஃப்தெதெஸ்' ஏறத்தாழ பக்கோடா.

இறைச்சி வேண்டாம் என்பதற்கு 'ஹொரிஸ் க்ரேயஸ்'. மீனைச் சிலர் இறைச்சியாகக் கணக்கிடுவதில்லை, எனவே 'ஹொரிஸ் ப்ஸாரி' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பால், முட்டையும் ஆகாது என்றால் 'நிஸ்திசிமோ' என்ற சொல் கைகொடுக்கும். விரத நாள் உணவு என்று பொருள். ஆனால் அந்த விரதத்தில் இறாலும் கணவாயும் அனுமதி, அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல. ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில். பெரும்பாலான டிரைவர்கள் வண்டியில் வைத்திருப்பார்கள்.

முந்தின நாளும் முடிவும்

முந்தின மாலை டிரைவருக்கு ஒரு செய்தி: ஏறும் இடம், நேரம், எத்தனை பேர், 'நாலு இடம் மட்டும், கடையில் நிறுத்த வேண்டாம்' என்ற ஒரு வரி. சிலர் தெரிந்த நகைக்கடையிலோ ஒயின் கடையிலோ நிறுத்தப் பார்ப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் சங்கடமில்லை. தேவாலயத்துக்குள் போக நினைத்தால் தோளையும் முழங்காலையும் மூடும் உடை. தொப்பி என்றால் கயிறு கட்டிய தொப்பி. மெல்தெமி மற்றதைக் கால்டெராவுக்குக் கொடுத்துவிடும். வளைவுச் சாலையில் வயிறு பிரட்டுகிறவர்கள் அரை மணி நேரம் முன்னதாக மாத்திரை போட்டுக்கொண்டு முன் இருக்கையில் உட்காருங்கள். ஐரோப்பா முழுதுக்கும் அவசர எண் 112.

மீதிப் பணத்தை இறங்கும்போது கொடுத்து ரசீது வாங்குங்கள். கார்டு எடுப்பாரா என்று முன்பே கேட்டிருந்தால் ஃபிராவில் பணம் எடுக்கும் இயந்திரம் தேட வேண்டியதில்லை. டிப்ஸ் கட்டாயமில்லை; திருப்தியாக இருந்தால் பத்து சதவீதம் தாராளம். மறுநாள் விமான நிலையமோ அதினியோஸோ போக வண்டி வேண்டுமானால் அதே டிரைவரிடம் அப்போதே பேசிவிடுங்கள். கப்பல் வரும் நேரத்தில் துறைமுகத்துக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் அப்படியே நின்றுவிடும், அதனால் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்து நேரம் குறியுங்கள்.